வாயு வருணனுக்குக் கொடுத்த கடன்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ரேடியேட்டர் கிடையாது. பின்னால் இருக்கும் இன்ஜினைக் காற்றே குளிர்விக்கும். ஆகவே அந்த வண்டியில் தண்ணீர் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: முன்கண்ணாடி கழுவும் வாஷர் டப்பா. இந்தச் சிறுபான்மை நீருக்கு இன்னும் ஓர் உரை எழுதப்படாதது தமிழ் உரைமரபுக்கே இழுக்கு.

நூற்பா: நீரைத் தள்ளுவது ஸ்டெப்னி.

உரை: 1960களின் பிற்பகுதிப் பீட்டிலில் வாஷருக்கு மோட்டார் இல்லை. முன்பக்கம் கிடக்கும் ஸ்டெப்னியின் வால்விலிருந்து ஒரு ரப்பர் குழாய் டப்பாவுக்குப் போகும். டயர்க் காற்று நீரை அழுத்த, வைப்பர் குமிழின் நடுப்பொத்தானைத் தொட்டால் கண்ணாடியில் பீறிடும். அஃதேல், கழுவிக் கழுவியே ஸ்டெப்னி சப்பையாகிவிடாதோ எனின், ஆகாது. அதற்காகத்தான் 42 பவுண்டு காற்று அடிக்கச் சொன்னார்கள். ஓடுவதற்கு வேண்டிய அளவுக்கு இறங்கியதும் இடையிலுள்ள வால்வு அடைத்துக்கொள்ளும்.

இனிச் சொல்லாராய்ச்சி. ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப்பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. இடவாகுபெயர். வெள்ளைக்காரன் மறந்துபோன சொல்லை நம் பஞ்சர் கடைகள் காப்பாற்றி வருகின்றன.

என் வண்டிக்கு வருவோம். பொத்தானை அழுத்தினேன், கண்ணாடி நனையவில்லை, முழங்கால் நனைந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாய் முனை விறைத்து, வெடித்து, பல் விழுந்த வாய்போல் இருந்தது.

"இதைப் பிடுங்கிட்டு ஒரு மோட்டார் வச்சிருவோம் சார்" என்றார் மெக்கானிக். இது மின்கட்சி. மோட்டார் வந்தால் வயர், ஃபியூஸ், ஸ்விட்ச் மூன்றும் வரும். கிழட்டு வண்டிக்கு மூன்றும் பங்காளிகள். 6 வோல்ட் பீட்டிலாக இருந்தால் 12 வோல்ட் மோட்டார் முனகுவதோடு சரி. காற்றுக் கட்சி கேட்பதோ இரண்டு முழம் குழாய். இவற்றையெல்லாம் விடப் பெரிய நியாயம் ஒன்று உண்டு. மற்ற வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டெப்னியில் காற்றில்லை என்பது பஞ்சரான அன்றைக்குத்தான் தெரியும். இதில் கண்ணாடியில் தாரை மெலியும்போதே தெரிந்துவிடும். மோட்டார் வைத்தால் அந்தத் தூது நின்றுபோகும்.

குழாயை மாற்றினோம். நாசில் அடைப்பை ஊக்கால் குத்தி எடுத்தோம். முதல் தாரை கூரையைத் தாண்டி, பின்னால் நின்ற மெக்கானிக் மேல் விழுந்தது. மின்கட்சியின் இறுதி மறுப்புரை அச்சேறும் தரத்தில் இல்லை.

பீட்டில் வைத்திருப்போர் அடுத்த முறை காற்றடிக்கும்போது, "அண்ணே, ஸ்டெப்னிக்கு 42" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். கைவேகத்தில் மற்ற நான்குக்கும் அதையே அடித்துவிடுவார்.