ஐந்தாம் தேதியின் அதிபதிக்கு ஒரு விண்ணப்பம்

வீட்டுக் கடன் வழங்கி எங்களையும் சொந்தக் கூரையின் கீழ் வாழ்வோர் ஜாபிதாவில் சேர்த்தருளிய வங்கிக் கிளையின் மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு, அவிநாசிக்கு அருகே அந்தக் கூரையின் கீழ் வசித்துவரும் கடன்தாரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் க்ஷேமம். தவணை பிடிக்கும் தங்கள் இயந்திரத்தின் க்ஷேமத்தை நாங்கள் விசாரிக்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. மாதந்தோறும் 5ஆம் தேதி அதிகாலையில், நாங்கள் காபி குடிக்கும் முன்பே, அது தன் ஆரோக்கியத்தைக் குறுஞ்செய்தி மூலம் தெரிவித்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் சம்பாதிப்பவர்கள் மூன்று பேர்; மூவருக்கும் மாதம் பிறப்பது மூன்று வெவ்வேறு நாட்களில். நூல் மில்லில் கணக்கெழுதும் எனக்கு அது 7ஆம் தேதி பிறக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கும் என் மகனுக்கோ மாதம் என்ற வஸ்துவே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பீஸ் கணக்குப் பார்த்துக் கூலியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், ஆகையால் ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் அவன் பிரபுவாகவும் நான்கு வரும் மாதத்தில் சாமானியனாகவும் சஞ்சரிக்கிறான். மருமகள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அவளுடைய சம்பளம் பிள்ளைகளின் பெற்றோர் கட்டணம் செலுத்துவதைப் பொறுத்தும், அந்தப் பெற்றோர் கட்டணம் செலுத்துவது அவரவர் சம்பளம் வருவதைப் பொறுத்தும், அவர்களிலும் பலர் என்னையும் என் மகனையும் ஒத்தவர்களே ஆதலால், 10ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடையில் பள்ளி நிர்வாகத்துக்கு எப்போது மனம் இரங்குகிறதோ அப்போது வந்து சேருகிறது. மே மாதத்தில் அவளுக்குப் பள்ளியும் இல்லை, சம்பளமும் இல்லை. தங்கள் தவணைக்கு மாத்திரம் கோடை விடுமுறை விடுவதில்லை என்பதைச் சென்ற மே மாதம் தெரிந்துகொண்டோம்.

7ஆம் தேதி வருகிற பணத்தை அப்படியே வைத்திருந்து அடுத்த 5ஆம் தேதி கொடுத்தால் என்ன என்று தங்கள் அலுவலர் ஒருவர் என்னிடம் வினவினார். சாஸ்திரப்படி அது மிகச் சரியான யோசனை. ஆனால் மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டை விரித்து வைத்துக்கொண்டு 8ஆம் தேதியே என் முகத்தைப் பார்க்கிறார், பால்காரர் பார்க்கிறார், சீட்டுப் பிடிக்கும் அம்மாள் பார்க்கவும் மாட்டாள், நேரே கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஏறக்குறைய நான்கு வாரங்கள் கணக்கில் தூங்கும் பணத்தை இத்தனை பேர் கண்ணிலிருந்தும் மறைத்துக் காப்பதற்கு எங்களிடம் தங்களிடம் உள்ளது போன்ற இரும்பு அறை இல்லை.

இருப்பது என் மனைவியின் சமையலறை அலமாரி. அங்கே கடலைப் பருப்பு டப்பாவில் இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் கரண்டு பில்லுக்கான தொகையும், சேமியா டப்பாவில் காஸ் சிலிண்டருக்கானதும், மூடி தொலைந்துபோன ஹார்லிக்ஸ் பாட்டிலில் தங்கள் தவணையும் வாசம் செய்கின்றன. மகன் சனிக்கிழமை கொண்டுவரும் கூலியில் முதல் பங்கு அந்தப் பாட்டிலுக்குத்தான். போட்ட தொகையை, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, ஆணியில் செருகிவைப்பாள். வாரக் கடைசியில் இடித்தால், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மாநில அரசிடமிருந்து 15ஆம் தேதி வரவாகும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கைமாற்றாக எங்கள் வீட்டுக்கு விஜயம் செய்து, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் திரும்பிவிடும். இதற்குப் பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை, இன்றுவரை வாராக் கடனும் இல்லை.

இந்த இடத்தில் தாங்கள் சற்று நிதானித்து வாசிக்க வேண்டுகிறேன். கடன் மனுவோடு நாங்கள் வந்தபோது, என் சம்பளச் சீட்டையும் மருமகளின் சான்றிதழையும் வரவேற்ற தங்கள் அலுவலகம், மகனுடைய வாரக் கூலியை, அதற்குச் சீட்டு இல்லை, வங்கியில் பதிவில்லை என்ற காரணங்களால், வருமானமாக அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட இரண்டு வருமானங்களும் தவணைத் தேதிக்குப் பிற்பாடு வந்து சேர்ந்து, பற்று நோட்டுகளில் கரைந்துபோக, அங்கீகாரம் பெறாத அந்தக் கூலியே, சென்ற மே நீங்கலாக மாதம் தவறாமல், ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து புறப்பட்டு, என் கணக்கு வழியாகத் தங்கள் கிளையின் லாபக் கணக்கை அடைகிறது. தங்கள் கொள்கைக்கு இதனால் களங்கம் உண்டாகுமெனத் தோன்றினால், அந்த நோட்டுகளைத் திருப்பி அனுப்பிவிடலாம். நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலையானால் அடுத்த மாதம் 7ஆம் நாள் கழிவதற்குள்ளும், பெரிய ஆலையானால் 10ஆம் நாள் கழிவதற்குள்ளும் சம்பளம் கொடுத்தால் போதுமென்று முதலாளிமார்க்குத் தாராளமாக அவகாசம் அளித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் மாதச் சம்பளத்துக்கு அதே ஏழு நாளைக் கொடுத்திருக்கிறது. ஆக, எங்கள் மில் முதலாளி சட்டத்தை அக்ஷரம் பிசகாமல் அனுஷ்டிக்கும் உத்தமர். அந்த உத்தம குணத்தின் பலனாகவே 5ஆம் தேதி என் கணக்கில் சம்பளம் இருப்பதில்லை. சம்பளத்தைத் தாமதித்த முதலாளியை அந்தப் பழைய சட்டம் முதல் குற்றத்துக்கு அபராதத்தோடு விட்டது. கணக்கில் பணமில்லாமல் மின்னணுத் தவணை திரும்பினாலோ, 2007ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் 25ஆம் பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறைவாசத்துக்கு வழி வகுத்திருக்கிறது. சிறையில் சாப்பாடு தேதி பார்த்துப் போடப்படுவதில்லை என்று கேள்வி.

சிறைக்கு முன்னால் அபராதம். சென்ற மே மாதம் தவணை திரும்பியதற்குத் தாங்கள் 500 ரூபாயும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி.யும் எடுத்துக்கொண்டீர்கள், என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியும், பணமில்லை என்ற செய்தியைத் தங்களுக்குச் சொன்ன சிரமத்துக்காகத் தனியே ஒரு தொகை எடுத்துக்கொண்டது. இல்லாத பணத்துக்கு இரண்டு வங்கிகள் கூலி பெற்றன என்றால், எங்கள் வறுமையும் ஒரு தொழிலாக விருத்தியாகி வருகிறதென்றே கொள்ளவேண்டும்.

தேதியை 12ஆக மாற்றித் தரும்படி மூன்று மனுக்கள் கொடுத்தாயிற்று. 'சிஸ்டம் ஏத்துக்காதுங்க சார்' என்று கவுண்டரில் இருக்கும் தம்பி மிகுந்த மரியாதையுடன் சொன்னார். சிஸ்டம் என்பவரை நான் இதுவரை தரிசித்ததில்லை. ஆகவே என் பிரார்த்தனையை இவ்விதம் மாற்றிக்கொள்கிறேன்: தேதியை மாற்ற இயலாதாயின், 4ஆம் தேதிக்குள் சம்பளம் பட்டுவாடா செய்யும் ஒரு மில்லையும், ஒரு பள்ளிக்கூடத்தையும், ஐந்து சனிக்கிழமைகளுக்குக் குறையாத மாதங்களையும் தாங்களே சிபாரிசு செய்து எங்களுக்கு ஏற்பாடு செய்து தரவேண்டும்.

கடைசியாக ஒரு சந்தேகம். தவணை பிடிக்கும் ஏற்பாடு முன்னாளில் வங்கி வேலை நாட்களில் மட்டுமே நடந்துகொண்டிருந்தது. 2021 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ரிசர்வ் வங்கி அதை ஞாயிறு, பண்டிகை உட்பட எல்லா நாட்களிலும் நடக்கச் செய்துவிட்டது. அதே வழியில் ஞாயிற்றுக்கிழமை சம்பளமும் போடலாமாம். எங்கள் மில்லில் அதைப் போட அன்று ஆள் வருவதில்லை. தங்கள் இயந்திரம் மட்டும் லீவு இல்லாமல் விடியற்காலையிலேயே வேலைக்கு வந்துவிடுகிறது. அதற்குச் சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும். அந்த இலாகாவில் காலியிடம் இருந்தால் என் மகனுக்குச் சொல்லுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள கடன்தாரன்