9 வோல்ட் தாத்தா

ஊரிலுள்ள ஆம்ப்ளிஃபையர்களை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடைத்த டிஜிட்டல் மாடலர் வாங்கியாயிற்று. முதுகுவலி போச்சு, பக்கத்து வீட்டுச் சண்டையும் போச்சு. மறுநாளே நம் கிட்டார்க்காரர் தேடி அலைவது 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற கரகரப்பு பெடலை! வட்டமான உலோகக் கூட்டுக்குள் இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஜெர்மேனியம் வகை என்றால் வெயில் ஏற ஏறக் குணமும் மாறும்.

இந்தத் தாத்தாவுக்கு ஒரு பிடிவாதம். கிட்டார் பிக்கப்பின் கையை நேராகப் பிடித்தால்தான் பாடுவார். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கும் இடைச்சுற்று) என்று எவனாவது நுழைந்தால், தகர டப்பாவில் மாட்டிய குளவிதான். சரியாக மாட்டினாலோ, கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கியதும் கரகரப்பு கரைந்து மணி ஒலிக்கும். மாடலரின் வாசலில் இன்புட் இம்பீடன்ஸ் வழக்கமாக 1 மெகா ஓம். பிக்கப்புக்குப் பாரமே தெரியாது; தாத்தாவோ அதன்மேல் பாரமாகச் சாய்கிறவர். ஆகவே சில மாடலர்களில் அந்த ஓம்ஸைக் குறைக்கத் தனி மெனு. பழைய பெட்டியின் குறைக்குப் புதுப் பெட்டியில் இடஒதுக்கீடு!

இன்னொரு பழைய பெட்டி, உயர் ஒலிகளைத் தூக்கும் டிரெபிள் பூஸ்டர்? குயீன் குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மே அதை வைத்து வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையரை முழுச் சத்தத்தில் திணறடித்தார். நம்மவர் அதை கிளீன் டோனில், ஹெட்ஃபோனில் போட்டுவிட்டு, “காது கூசுதே” என்கிறார்.