ஐந்து கட்டைவிரல்

பக்கத்து மேசைக்காரரிடம் வாய் திறந்து பேசும் காட்டுப் பழக்கம் கோவை உக்கடத்தில் உள்ள எங்கள் லாரி ஆபீசில் ஒழிந்துவிட்டது. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். நாங்கள் ஆறே பேர். அந்தக் குறையைக் குழுக்களின் எண்ணிக்கையில் சரிக்கட்டிவிட்டோம். வேலைக்கு ஒன்று, அவசர வேலைக்கு ஒன்று, மேனேஜர் இல்லாதது ஒன்று.

காலையில் மேனேஜரின் ரோஜாப்பூ வணக்கம். உடனே ஐந்து கும்பிடு. “பாலக்காடு லோடு கிளம்பிருச்சுங்களா?” என்பார். ஐந்து கட்டைவிரல். கிளம்பியதா, கேள்வி பிடித்திருக்கிறதா என்று நோண்டுவது நாகரிகமல்ல. 2024-இல் திறந்த ஆத்துப்பாலம் மேம்பாலத்தில்கூட இவ்வளவு தடையற்ற போக்குவரத்து கிடையாது.

ஆச்சரியம், லோடு மட்டும் தினமும் நேரத்துக்குப் போய்விடுகிறது. விசாரித்தோம். டிரைவர் அண்ணனிடம் இருப்பது பட்டன் போன். எந்தக் குழுவிலும் அவர் இல்லை. இந்த ஒழுங்கீனத்தை விடலாமுங்களா? திங்கட்கிழமை அவருக்கு ஸ்மார்ட்போன் வழங்கும் விழா.