கத்துக்குட்டி கானப் பதிவு: ஓர் ஆராய்ச்சி

சங்கீத சாஸ்திரத்தைப் பற்றி நம் பண்டிதர்கள் எழுதிக் குவித்த கிரந்தங்களைப் புரட்டுவோர்க்கு, சுருதிகள் 22 என்று பரதர் வழி நிற்போரும், அல்ல, 24 என்று 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வழி நிற்போரும் நடத்திவரும் வழக்கு விஸ்தாரமாகக் கிடைக்குமேயன்றி, ஒரு கத்துக்குட்டி தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசிக்கு முன் வாய் திறக்கையில் என்ன சம்பவிக்கிறது என்பதற்கு ஒரு சூத்திரமும் அகப்படாது. நம் ஆராய்ச்சிக்குரியவனோ, ஒரே ஷட்ஜத்தை நிறுத்திப் பிடிக்கும் பிரயத்தனத்திலேயே மேற்படி இரு தொகைகளையும் அநாயாசமாகக் கடந்துவிடுகிறானாதலின், அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதில்லை.

பாடுவோர் மூவகையினர்: பாட வருவோர், வருமென்று நம்புவோர், கல்யாண வீட்டில் யாரோ புகழ்ந்துவிட்டதால் கெட்டவர். முதல்வகையார் இந்நூலுக்குப் புறம்பு. குளியலறைப் பாடகர்க்கு ஓடு பதித்த சுவரே பக்கவாத்தியம், அவ்வளவே.

ஆடவர் ஒரு கட்டையிலும் பெண்டிர் ஐந்து கட்டையிலும் தொடங்குவது பொதுவிதி. சினிமாப் பாட்டை அது வந்த கட்டையிலேயே பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்து, பல்லவியில் பிழைத்து, சரணத்தில் மேல் ஸ்தாயி வந்ததும் மூச்சு முட்டுவது சிறப்புவிதி.

வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பியடிக்கும், துணி விழுங்கும் என்பது பௌதிக நியதியாதலின், புடவை நிறைந்த பீரோவைத் திறந்து அதனுள் தலையை நுழைத்துப் பாடுதல் உத்தமம். ஜமக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொள்ளுதல் மத்திமம். முன்னதில் அந்துருண்டை நெடி தொண்டையைப் பிடிக்கும் என்றொரு தோஷமுண்டு.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய விசிறிக்கு வருவோம். நிறுத்தினால் வியர்வை, நிறுத்தாவிடில், கைப்பேசியானது விசிறியின் இரைச்சலைப் பிரதான கானமாகவும் பாட்டை அதற்கு ஒத்தூதுவதாகவும் பதிந்துவிடுகிறது. பழைய விசிறி சுற்றுக்கொரு ‘டக்’ வைப்பதை ஆதி தாளம் என்பர் ஒரு சாரார். ரூபகமென்பர் பிறிதொரு சாரார். ரெகுலேட்டரை நான்கிலிருந்து இரண்டுக்குத் திருப்பினால் விளம்பகாலம் சித்திக்குமென்று சமரசம் பேசுவோரும் உளர் (காண்க: அம்மா, சமையற்கட்டு வாக்கியம், தாளிப்புக்கு முன்). விசிறி நின்றபின் குரல் எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கோ கீழ்வீட்டாரே பிரமாணம் (காண்க: மாடிப்படிப் பிரகரணம், இரவு ஒன்பதரை மணி அத்தியாயம், கதவிடி 1, 2; இரண்டாம் இடிக்கு அவரே அருளிய இருமலுரையுடனும், அவர் மனையாள் படியிலிருந்து சேர்த்த அரும்பத விளக்கத்துடனும்). இவற்றுள் இரண்டாம் இடி இடைச்செருகல் என்பது என் துணிபு. முதலிடி உள்ளங்கையாலும் பின்னது விரல்முட்டியாலும் ஆக்கப்பட்டிருத்தலின் நடை வேறுபடுகிறது; காலமும் ஒரு சரணமளவு பிற்பட்டது. கதவைத் திறந்து அவரையே கேட்டுவிடலாமே என்றான் என் தங்கை மகன். பாவம், அவனுக்கு ஆராய்ச்சிமுறை தெரியாது. கதவுக்கு அப்பால் நிற்பவரைக் கேட்டே தெரிந்துகொள்வதாயின் பல்கலைக்கழகங்களில் இத்தனை ஆராய்ச்சித் துறைகள் எதற்கு?

எஞ்சியது குரல் மறுப்பு. பதிவைக் கேட்ட மாத்திரத்தில் ‘இது என் குரலே அல்ல’ என்று பாடினவன் சாதிப்பான். அதில் பாதி நியாயமுண்டு. நம் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையெலும்பின் வழியாகவும் வந்து சேர்ந்து, கனத்த நாதமாய்த் தோன்றுகிறது. கருவிக்கு அந்த எலும்பின் தயவு இல்லை. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்க அறிவித்து வைத்தார். நம் கத்துக்குட்டியும் அவ்வண்ணமே செய்வது நலம். குடும்ப வாட்ஸ்அப் குழுவினர்க்கு உதவாவிட்டாலும், மறுநாள் காலையில் அதைப் போட்டுக் கேட்கப்போகும் அவனுக்கு உதவும்.