சந்தவாசல் பார்முலா சார்

போளூர் – கண்ணமங்கலம் சாலையில் சந்தவாசலில் இறங்கினால் மேற்கே ஜவ்வாது மலை தெரியும். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் தெரியும். டீக்கடை பெஞ்சில் பார்முலா சார் தெரிவார். இந்த ரகம் எந்த ஊரிலும் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவர்; எந்தப் பொருளையும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்.

வெற்றிலை போடும் கிழவியிடம், "ஆயா, கால்சியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் குடு" என்பார். "சுண்ணாம்புதான இன்னும் வாய்ல வரல உனக்கு?" என்று டப்பாவை நீட்டுவாள் கிழவி. சார் விடமாட்டார். சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு, அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து ஹைட்ராக்சைடாகிறது என்று விளக்குவார். "அதான் ஊத்தும்போது கிட்ட வராதேன்னேன்" என்பாள் அவள், ஐம்பது வருஷமாகச் சுண்ணாம்பு நீற்றிய கையால் காம்பைக் கிள்ளிக்கொண்டே.

உரக்கடையில் நடந்ததுதான் உச்சம். "கார்பமைடு ரெண்டு மூட்டை" என்று சார் கேட்க, "அது ஸ்டாக் இல்ல சார், யூரியாதான் இருக்கு" என்றார் கடைக்காரர். இரண்டும் ஒன்றுதான், நைட்ரஜன் 46 சதவீதம் என்று சார் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வகுப்பில் மட்டும் மனிதர் வேறு ஆள். அலுமினியத்தின் இணைதிறன் மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு. "பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம்டா. இவன் மூணு அவன் காலடிக்கு, அவன் ரெண்டு இவன் காலடிக்கு" என்பார். ஏஎல்2 ஓ3 வந்து உட்கார்ந்துவிடும். மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டு பக்கமும் இரண்டு. "சீர் சமம், அடிச்சிடு." எம்ஜி ஓ.

"சார், சோடியத்துக்கு எஸ் போடாம ஏன் என்ஏ?" என்று ஒரு பையன் கேட்டால் அன்றைக்கு நேட்ரியம் என்ற லத்தீன் பெயரும், 1810-களில் எழுத்துக் குறியீட்டைப் புகுத்திய ஸ்வீடன்காரர் பெர்சிலியஸும் வந்துபோவார்கள். பஸ்ஸும் போய்விடும்.

தமிழ்வழிப் பிள்ளைகளை நிஜமாகவே படுத்துவது கந்தகம்தான். சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு. முதலாவதில் ஆக்சிஜனே இல்லை, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு. அவசரத்தில் டகரம் ஒன்றை விட்டால் மூன்று ஆக்சிஜன் காலி, மார்க்கும் காலி. இதைப் பாடப்புத்தகம் ஒரு அட்டவணையில் போட்டுத் தப்பித்துக்கொள்கிறது. சாரோ, பிள்ளைகளை உரக்கக் கத்தவிட்டு ஒவ்வொரு டகரத்தையும் காதால் பொறுக்குவார். தெருவில் போகிறவர்கள் ஏதோ சண்டை என்று நின்று பார்ப்பதும் உண்டு.

யாராவது கேலி செய்தால் ராஜாஜியை இழுப்பார். 1916-இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொல்லுக்குச் சங்கம் வைத்தவர், 'திண்ணை ரசாயனம்' எழுதியவர். "அவருக்குத் திண்ணை, எனக்கு டீக்கடை பெஞ்சு" என்பார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

உங்கள் பிள்ளை வாய்பாட்டில் திணறினால் தயங்காமல் இவரிடம் அனுப்புங்கள், தேறிவிடும். உரம் வாங்க மட்டும் இவரை அனுப்பாதீர்கள்.