ஆறு மணிக்குக் கீழே ‘ஸ்விஸ் மேட்’

போன வாரம் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கட்டுரையாளர் நீட்டிய கடிகாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாம்பே டயலா சார்?” என்று கேட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தொழில் விசாரணைதான். ஆனாலும் கட்டுரையாளருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதும்போதும் முழுசாக இறங்கியபாடில்லை.

பழைய ஹெச்எம்டியையும் ஃபேவர் லூபாவையும் பிரித்து, மங்கின டயலைச் சுரண்டி, கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் பூசி, ‘வின்டேஜ், நல்ல கண்டிஷன்’ என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அந்த டயல். வாட்ச் சேகரிப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று சண்டை வரும். பாம்பே டயலைத் திட்டுவதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. கட்டுரையாளர் அந்தக் கட்சியின் ஆயுள் சந்தாதாரர். வீட்டில் அவர் செய்வது முற்றிலும் வேறு காரியம். அவர் பழைய ஹெச்எம்டி ஜனதாவைப் பிரித்து, மங்கின டயலைக் கழற்றிவிட்டு, புதுசாகப் பெயின்ட் அடித்த டயலை மாட்டுகிறார். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இக்கட்டுரையின் கடைசியில் தெளிவாக விளக்கப்படும்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் பித்தளைத் தகடு. அதன் பின்பக்கம் இரண்டு கால்கள், மிஷினில் அதற்கென்று உள்ள ஓட்டைகளில் உட்காரும்படி. காலைப் பற்றவைத்த பிறகுதான் பெயின்ட். முறை மாறினால் சூட்டில் பெயின்ட் கொப்பளித்துவிடும். எழுத்துக்கு டீக்கால் தாள்: அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி இறக்கி, மேலே வார்னிஷ். பெரிய கம்பெனிகள் உலோகத் தகட்டில் எழுத்தைச் செதுக்கி, மையை சிலிக்கோன் மெத்தையால் ஒற்றியெடுத்து டயலில் பதிக்கின்றன. வீட்டில் இருப்பதோ பிள்ளையின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக வாங்கிய பிரிண்டர். அதில் நாலு மை உண்டு, வெள்ளை கிடையாது. கறுப்பு டயலில் வெள்ளை எழுத்து வேண்டுமானால் டயலை வெள்ளையாக அடித்துவிட்டு, எழுத்தை மட்டும் விட்டு மிச்ச இடமெல்லாம் கறுப்பை அச்சடிக்க வேண்டும்.

தூசியைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. சென்னையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வார்னிஷ் அடித்தால் வியர்வை விழும். ஓடவிட்டு அடித்தால் தூசி விழும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டயலில் என்ன எழுதுவது என்பதுதான் ஆளைத் தின்கிற விஷயம். அசல் ஜனதாவில் ‘17 ஜுவல்ஸ்’, ‘பாராஷாக்’ என்றிருக்கும். இரண்டும் நாணயமான வார்த்தைகள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது ஹெச்எம்டி. பாராஷாக் என்பது சிட்டிசனின் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. அதை நிரூபிக்க வாட்சுகளை ஹெலிகாப்டரிலிருந்து கீழே போட்டுக் காட்டினார்கள். ஆக, அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ஹெலிகாப்டர் சாட்சி. 17 கல்லும் உள்ளே உண்மையாகவே இருக்கிறது; சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்கான செயற்கை மாணிக்கங்கள். சாவி கொடுக்கிற வாட்சுக்கு 17 போதும். 1960களில் ஓரியண்ட் கம்பெனி 100 கல் வைத்த வாட்சே விட்டது. அதில் பெரும்பாலானவை வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த கற்கள். அந்தக் கம்பெனியாவது கல்லை வைத்துவிட்டுக் கணக்குச் சொன்னது. கட்டுரையாளரின் நண்பர் ஒருவர் 17 கல் மிஷினுக்கு ‘25 ஜுவல்ஸ்’ என்று டயல் போட்டார். கேட்டால், “இருபத்தஞ்சுதான் சார் அந்த இடத்துக்கு எடுப்பா இருக்கு” என்றார்.

அதற்குக் கீழே தண்ணீர் தாங்கும் ஆழம். பழைய ரோலக்ஸ் சப்மரைனரில் ‘660 அடி = 200 மீட்டர்’ என்று போட்டிருப்பதால் வீட்டில் டயல் அடிப்பவர்களும் போடுகிறார்கள். கை கழுவும்போது கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிற வாட்சில் 660 அடி! இதில் அடி முதலில் வர வேண்டுமா, மீட்டர் முதலில் வர வேண்டுமா என்று வேறு வாய்த்தகராறு. ரோலக்ஸ் இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறதாம், ஆண்டு பார்த்துத்தான் போட வேண்டுமாம்.

அப்புறம் அந்த ‘டி’. பழைய டயல்களில் ‘ஸ்விஸ்’ என்பதற்கு இரண்டு பக்கமும் ஒரு டி நிற்கும். முள்ளிலும் எண்ணிலும் ட்ரிடியம் பூசியிருக்கிறது, இது கதிரியக்கப் பொருள் என்பதற்கான அடையாளம். வீட்டில் பூசுவது கதிரியக்கம் துளியும் இல்லாத ஒளிர்பசை. ஆனாலும் டி போட்டாக வேண்டும். இல்லாத கதிர்வீச்சுக்கு எச்சரிக்கை அச்சடிக்கிறவர்கள் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறார்கள்? அந்தப் பசையையும் ‘பழைய ரேடியம் நிறம்’ என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். அந்தக் காலத்தில் வாட்ச் டயலில் ரேடியம் பூசிய பெண்கள் நியூஜெர்சியில் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். பூசியது பழுப்பேறி ஒளி அணைந்து போயிருக்கும். ஆனால் அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். அந்தப் பழுப்புக்குத்தான் இன்றைக்கு இவ்வளவு கிராக்கி. சொன்னால் நண்பர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பிறகு, “கொஞ்சம் ஆரஞ்சு கலந்தா சரியா வரும்” என்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஆறு மணிக்குக் கீழே வரும் ‘ஸ்விஸ் மேட்’. ஸ்விஸ் என்பது ஆறுக்கு இடப்பக்கம், மேட் வலப்பக்கம், விளிம்போடு வளைந்து, அரை மில்லிமீட்டர் உயரத்தில். சுவிட்சர்லாந்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. மிஷின் ஸ்விஸ்ஸாக இருக்க வேண்டும், பெட்டிக்குள் பொருத்துவதும் கடைசிப் பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும். கட்டுரையாளர் தன் வாட்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மிஷின் பெங்களூர். பித்தளை பாரிமுனை. பெயின்ட் தெருமுனை ஹார்டுவேர் கடை. ஸ்ட்ராப் பிளாட்பாரம். பரிசோதித்தவர் மச்சினர். ஸ்விஸ் பங்கு என்று தேடினால் ஃபிரிட்ஜில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாக்லேட், அதிலும் பாதிதான் மிச்சம். மனசாட்சி உறுத்தி, ஒருமுறை ‘நங்கநல்லூர் மேட்’ என்று போட்டார். நூற்றுக்கு நூறு சத்தியம். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரிஜினல் மாதிரி இல்லையே.”

இத்தனை பாடுபட்டுப் பளிச்சென்று முடித்த டயலை, காய்ந்ததும் கெடுக்க வேண்டும். அதுதான் கடைசிக் கட்டம். 2016இல் ஹெச்எம்டி வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவரை பீரோ அடித்தட்டில் கிடந்த ஜனதாக்கள் சட்டென்று பாரம்பரியச் சொத்து ஆகிவிட்டன. இனி எந்த டயலும் புதுசாக இருக்கக் கூடாது. வெயிலில் நிறம் கெட்டுப் பழுப்பான ரோலக்ஸ் டயலுக்கு ‘டிராபிகல்’ என்று பெயர், கெடாததைவிட விலை கூட. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அந்த ரக டயல் வந்த புதிதில் கடைகளில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. வாங்காதவர்களின் பேரன்கள் இப்போது டயலை ஓவனில் வைக்கிறார்கள்.

நம் ஊரில் ஓவன்காரர்கள் குறைவு. இங்கே தேயிலைக் கட்சி, டிகாக்‌ஷன் கட்சி என்று இரண்டு. கட்டுரையாளர் டிகாக்‌ஷன், முதல் டிகாக்‌ஷன் மட்டும், மெல்லிய தூரிகையால், விளிம்பிலிருந்து உள்நோக்கி. தேயிலைக்காரர்கள் கொண்டுவரும் அந்த நோஞ்சான் மஞ்சளைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றை மட்டும் பதிவு செய்கிறார்: டிகாக்‌ஷன் கட்சியிலேயே ஒருவர் நிறம் தூக்கலாக வர வேண்டுமென்று சிக்கரி கலக்கிறார், கேட்டால் இல்லை என்கிறார்.