சரித்திரம் பேசாதே, சீட்டை இறக்கு

சான்குவோஷா ஆட்டத்தில் யார் தோற்கப்போகிறார் என்று அறிய, கையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எவர் முதலில் சரித்திரம் பேசுகிறாரோ அவர் கையில் உருப்படியான சீட்டு இல்லை. ரம்மியில் இந்தத் தொல்லை கிடையாது. அந்த ராஜா ராணிக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. சண்டை காசோடு முடிந்துவிடும்.

சான்குவோஷா 2008இல் சீனாவில் வெளிவந்தது. ஹுவாங் காய் என்பவர் பெய்ஜிங்கில் மாணவராக இருந்தபோது உருவாக்கியது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சீனா மூன்று ராஜ்ஜியங்களாகப் பிளந்து அடித்துக்கொண்டதே, அந்தக் காலத்துத் தளபதிகள், மந்திரிகள், அழகிகள் எல்லாரும் அட்டையில் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்திறமை. போதாததற்கு ரகசிய வேடமும் உண்டு: மன்னர், விசுவாசி, கலகக்காரர், உளவாளி. மன்னர் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்வார். மற்ற எல்லாரும் விசுவாசி போலவே பேசுவார்கள்.

சிங்கப்பூரில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் சனிக்கிழமை இரவென்றால் இதுதான். மேசையில் நான் ஒருவன்தான் தமிழன். மற்றவர்கள் இந்தக் கதையைப் பாட்டி மடியிலும் தொலைக்காட்சித் தொடரிலும் கேட்டு வளர்ந்தவர்கள். எனக்கு வந்தியத்தேவனைத் தெரியும். அவன் இங்கே செல்லுபடியாக மாட்டான். அதனாலேயே என்னை நடுவராக்கினார்கள். எதுவும் தெரியாதவன் நியாயமாக நடப்பான் என்று ஒரு நம்பிக்கை.

என்னிடம் வந்த வழக்குகளில் பெரியது மதியூகி ஜூகே லியாங்கின் வழக்கு. மூன்று ராஜ்ஜியக் கதையைச் சொல்லும் பழைய நாவலில், அவர் இருக்கும் நகரத்தில் போதிய படை இல்லாத நேரம் பார்த்து எதிரித் தளபதி சிமா யி ஒன்றரை லட்சம் பேரோடு வந்து நிற்கிறார். ஜூகே லியாங் கோட்டைக் கதவைத் திறந்து வைத்து, மேலே உட்கார்ந்து தந்தி வாத்தியம் வாசிக்கிறார். உள்ளே ஏதோ சூது இருக்கிறது என்று சிமா யி படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். ஆட்டத்தில் இதுவே திறமை: ஜூகே லியாங் கையில் சீட்டே இல்லையென்றால் அவர்மேல் 'வெட்டு' போட முடியாது, 'ஒற்றைக்கு ஒற்றை'க்கும் அழைக்க முடியாது.

ஒரு நாள் சிமா யி அட்டையை வைத்திருந்தவர் எழுந்து நின்றார். "அன்றைக்கு நகரம் காலி என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு அவன் கை காலியாக இருப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். தெரிந்தே நான் ஏன் ஏமாற வேண்டும்?"

வாதம் பலமானதுதான். தள்ளுபடி செய்தேன். விடவில்லை மனிதர். இந்தச் சம்பவமே நடக்கவில்லை, அப்போது சிமா யி வேறு ஊரில் இருந்தார் என்று ஐந்தாம் நூற்றாண்டு உரைகாரர் பெய் சோங்ஷியே எழுதியிருக்கிறார், நடக்காத சம்பவத்துக்குத் திறமை எப்படி வரும் என்றார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பழைய சாட்சி! இருந்தும் என்ன, அட்டையில் உரைகாரரின் கையெழுத்து இல்லை. மறுபடியும் தள்ளுபடி.

ஜூகே லியாங்காக இருந்தவர் சிரித்து முடிப்பதற்குள் இன்னொருவர் 'அம்பு மழை' போட்டார். அது 'வெட்டு' அல்ல, எல்லார்மேலும் விழும். இப்போது ஜூகே லியாங் எழுந்தார்: "கோட்டைமேல் வாசித்துக்கொண்டிருந்தவர்மேல் யாராவது அம்பு விட்டார்களா? சரித்திரத்தில் காட்டு!" ஓர் உயிர்ப்புள்ளியைக் கழித்தேன்.

சின்ன வழக்குகளுக்கும் குறைவில்லை. அழகி தியாவ் சான் ஒரு சீட்டைக் கழித்து இரண்டு ஆண்களை மோதவிடலாம். கை காலியான ஜூகே லியாங்கை அதில் இழுக்கலாமா? சண்டைக்கு அழைப்பவராக இழுக்கலாம். அழைக்கப்படுபவராக இழுக்க முடியாது. இதைச் சொன்னபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது. 'பீச் தோட்டத்துச் சத்தியம்' போட்டால் அடிபட்ட எல்லாருக்கும் ஓர் உயிர் கூடும். சத்தியம் செய்த மூன்று பேரின் ஜென்ம விரோதி சாவ் சாவுக்கும் கூடும். அந்த மூவரில் ஒருவரான லியூ பெய்யை வைத்திருந்தவர் இதைக் கேட்டு உண்மையிலேயே மனம் நொந்தார்.

எங்களில் ஒருவர் சட்டம் படித்தவர். அவர் சரித்திரம் பேச மாட்டார், அமெரிக்கா பேசுவார். சான்குவோஷா தங்கள் 'பேங்!' ஆட்டத்தின் நகல் என்று இத்தாலியக் கம்பெனி ஒன்று டெக்சாஸில் வழக்குப் போட்டது. 'பேங்!' 2002இல் வந்தது. அங்கே ஷெரிப், இங்கே மன்னர். ஆட்ட விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2016இல் தீர்ப்பாகி, இத்தாலியர்கள் தோற்றார்கள். ஆகவே விதி யாருக்கும் சொந்தமில்லை, நானும் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன் என்பது நம் வக்கீலின் வாதம். சொந்தம் கொண்டாட முடியாத விதிக்கும் கட்டுப்படத்தான் வேண்டும் என்று விளக்கி முடிக்க நள்ளிரவாகிவிட்டது.

இப்போது பெட்டியின் மூடிக்குள் எங்கள் சட்டத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம். அட்டையில் உள்ளதே செல்லும். ஒரே சமயத்தில் இரண்டு திறமைகள் எழுந்தால், யார் முறையோ அவரிலிருந்து வரிசை. நடுவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு, ஆட்டம் முடிந்த பிறகு. சரித்திரம் பேசுபவர் கீழே போய் எல்லாருக்கும் கோப்பி வாங்கி வர வேண்டும்.

ஆட விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். மூன்று ராஜ்ஜியக் கதையைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு முன்னுரிமை. எனக்குக் கோப்பி ஓ, சர்க்கரை வேண்டாம்.